ஊரை மேப்புல ஏத்துறது எப்படி, ஏரியை மேல இருந்து கவனிக்கிறது எப்படி: வீட்டுல உக்காந்தே பண்ணக்கூடிய ரெண்டு வேலை

2010 ஜனவரி 12ல ஹைட்டியில பூகம்பம் வந்தப்போ, போர்ட்-ஓ-பிரின்ஸுக்குப் போன மீட்புக் குழுக்கள் கையில உருப்படியான தெரு மேப்பே இல்ல. எந்தத் தெரு எங்க போகுது, எந்தப் பக்கம் வீடு நெருக்கமா இருக்கு, ஆஸ்பத்திரி எங்க, எதுவும் தெரியாது. செயற்கைக்கோள் படங்களை எல்லாரும் பயன்படுத்துற மாதிரி திறந்து விட்டதும், அந்த நாட்டுப் பக்கமே போகாத நூத்துக்கணக்கான தன்னார்வலர்கள் அவங்கவங்க வீட்டுல உக்காந்து, யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய இலவச உலக மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்புல தெருத்தெருவா வரைஞ்சாங்க, அந்த மேப்பைத்தான் களத்துல இருந்தவங்க ஜிபிஎஸ் கருவில ஏத்திக்கிட்டுப் போனாங்க. அந்த வேலையில இருந்து அதே வருஷம் உருவானதுதான் ஹியூமானிடேரியன் ஓபன்ஸ்ட்ரீட்மேப் டீம், எல்லாரும் ஹாட்னு கூப்பிடுவாங்க.

மேப்புல இல்லாத ஊருக்கு தடுப்பூசி எத்தனை அனுப்பணும்னு யாராலயும் கணக்குப் போட முடியாது. 2014 மார்ச்சில கினியாவுல எபோலா பரவினப்போ எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கெக்கெடு நகரத்தை வரைஞ்சு குடுங்கன்னு கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான், நோயாளி சொல்ற கிராமம் எங்க இருக்குன்னே தெரியலைன்னா அவரோட பழகினவங்களை எப்படித் தேடிப் போறது? அதே வருஷம் எல்லைகளற்ற மருத்துவர்கள், பிரிட்டிஷ் செஞ்சிலுவை, அமெரிக்க செஞ்சிலுவை, ஹாட் எல்லாம் சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, ஆபத்து வந்தப்புறம் வரையாம முன்னாடியே வரைஞ்சு வைக்கணும்ங்கிறதுதான் அதோட நோக்கம். இதுல நீங்களும் சேரலாம், காசு வேணாம், ஒரு லேப்டாப், மவுஸ், சுமாரான நெட் போதும்.

முதல் வேலை: வரையறது

முதல்ல ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்துல ஒரு அக்கவுண்ட் ஆரம்பிங்க. பேர் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, ஆனா நீங்க பண்ற ஒவ்வொரு மாற்றமும் அந்தப் பேர்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கும்ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க. அப்புறம் ஹாட்டோட டாஸ்கிங் மேனேஜர் தளத்துக்குப் போய் அதே அக்கவுண்ட்டாலயே உள்ள நுழையுங்க. அங்க நிறைய ப்ராஜெக்ட் வரிசையா இருக்கும், புதுசா வர்றவங்களுக்கானதை மட்டும் காட்டுன்னு வடிகட்ட முடியும், அதை மொதல்ல பண்ணிடுங்க. நேரா கஷ்டமான ப்ராஜெக்ட்ல இறங்கினா சலிச்சுப் போயிடும்.

ஒரு ப்ராஜெக்டைத் திறந்தா அந்தப் பகுதி சின்னச் சின்ன கட்டமா வெட்டி வச்சிருக்கும், ஒவ்வொரு கட்டமும் ஒரு ஆளுக்கான வேலை. கட்டத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற வழிமுறையை தயவுசெஞ்சு முழுசா படிங்க. கட்டடம் மட்டும் வேணுமா, ரோடும் வேணுமா, எந்த செயற்கைக்கோள் படத்தை வச்சு வரையணும்னு எல்லாம் அதுலதான் இருக்கும். இதைப் படிக்காம வரைஞ்சதைத்தான் பின்னாடி சரிபார்க்கிறவங்க உக்காந்து அழிச்சு அழிச்சு வரையறாங்க, அவங்க நேரமும் தன்னார்வ நேரம்தான்.

கட்டத்தை எடுத்ததும் ப்ரௌசர்லயே மேப் வரையற ஐடி எடிட்டர் திறக்கும். இப்ப ஒரே ஒரு வீட்டை எப்படி வரையறதுன்னு மட்டும் நிதானமா பார்ப்போம், மத்ததெல்லாம் இதைப் பழகினா தானா வந்துடும். கீபோர்டுல 3 அழுத்துங்க, பரப்பு வரையற கருவி வரும். நல்லா ஜூம் பண்ணிக்கிட்டு கூரையோட ஒரு மூலையில கிளிக், அடுத்த மூலை, அடுத்த மூலைன்னு சுத்தி வந்து ஆரம்பிச்ச புள்ளியிலயே முடிங்க. கையால வரைஞ்சது கோணல்மாணலாத்தான் இருக்கும், க்யூ அழுத்துனா மூலை எல்லாம் நேராயிடும். வட்டக் குடிசையா இருந்தா, ஆப்பிரிக்கக் கிராமங்கள்ல நிறைய இருக்கும், சும்மா நாலு புள்ளி வச்சு முடிச்சுட்டு ஓ அழுத்துங்க, வட்டமாயிடும். இடது பக்கத்துல இது என்னன்னு கேக்கும், கட்டடம்னு மட்டும் குடுங்க. வீடா, கடையா, பள்ளிக்கூடமான்னு மேல இருந்து பார்த்து யூகிக்காதீங்க, அது அந்த ஊர்க்காரங்க சொல்ல வேண்டியது.

படம் சாய்வா எடுத்ததா இருந்தா உயரமான கட்டடத்தோட கூரை ஒரு பக்கமா தள்ளித் தெரியும். அப்ப கூரையைச் சுத்தி வரைஞ்சுட்டு, எம் அழுத்தி அந்த வடிவத்தை அப்படியே நகர்த்தி சுவர் தரையைத் தொடுற இடத்துல வைங்க. வீடு இருக்கிறது அங்கதான். நிழலைச் சேர்த்து வரையறதும் புதுசா வர்றவங்ககிட்ட ரொம்ப சாதாரணமா நடக்கிறது, கறுப்பா தெரியுற ஓரம் எந்தப் பக்கம் விழுதுன்னு ஒரு தடவை கவனிச்சுட்டீங்கன்னா அந்தக் கட்டம் பூரா அதே பக்கம்தான் விழும்.

ரோடுக்கு 2 அழுத்தி கோடு போடுங்க. இங்க முக்கியமான விஷயம் ஒண்ணுதான், ரெண்டு ரோடு சேர்ற இடத்துல புள்ளி ஒட்டியிருக்கணும். ஒட்டலைன்னாலும் கண்ணுக்கு சேர்ந்த மாதிரியேதான் தெரியும், ஆனா வழி தேடுற ஆப்புக்கு அது முட்டுச்சந்து, ஆம்புலன்ஸை ஊரைச் சுத்தி அனுப்பிடும். மாட்டு வண்டித் தடமா, நடைபாதையா, ஊரை இணைக்கிற ரோடான்னு வகை குடுக்கிறதுல சந்தேகம் வந்தா வழிமுறையில ப்ராஜெக்ட்காரங்க என்ன சொல்லியிருக்காங்களோ அதையே பின்பற்றுங்க.

அப்பப்ப சேவ் பண்ணுங்க. ஒரு கட்டம் உங்க பேர்ல ரெண்டு மணி நேரம்தான் பூட்டியிருக்கும், அதுக்கப்புறம் தானா திறந்துக்கும். முடிக்க முடியலைன்னா பாதியில விட்டுட்டு இன்னும் முடியலைன்னு குறிச்சிட்டுப் போகலாம், அதுல தப்பே இல்ல, முடிக்காததை முடிஞ்சதா குறிக்கிறதுதான் பெரிய தொந்தரவு. சில நாள் கழிச்சு சரிபார்க்கிறவங்ககிட்ட இருந்து மெசேஜ் வரலாம், இந்தக் கட்டடம் விட்டுப்போச்சு, இது பாறை, கட்டடம் இல்லன்னு. அதைப் படிச்சு அடுத்த கட்டத்துல திருத்திக்கிட்டா உங்க வேலை சீக்கிரமே நல்லாயிடும்.

கூகுள் மேப்ஸைப் பார்த்து தெருப் பேரையோ கடைப் பேரையோ ஓபன்ஸ்ட்ரீட்மேப்புல எழுதக்கூடாது, உரிமம் அனுமதிக்கல, அப்படி ஏத்துனதை கண்டுபிடிச்சா மொத்தமா நீக்கிடுவாங்க. உங்க கண்ணால பார்த்தது, நேர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, அனுமதி இருக்கிற படத்துல இருந்து வரைஞ்சது, இவ்வளவுதான். அதே மாதிரி யார் வீடு இதுன்னு ஆள் பேரை எல்லாம் எங்கயும் எழுதாதீங்க.

இப்ப இயந்திரமே கட்டடத்தைக் கண்டுபிடிச்சு வரைஞ்சு தருது, கூகுளோட ஓபன் பில்டிங்ஸ், மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கட்டட வடிவங்கள் எல்லாம் இருக்கு, அப்புறம் நாம எதுக்குன்னு கேக்கலாம். அது யூகம்தான். வைக்கோல் போரும் பெரிய பாறையும் கட்டடமா வரும், மரத்தடி குடிசை விட்டுப்போகும், ஒரு மனுஷக் கண்ணு பார்த்து சரின்னு சொன்னாத்தான் அதை நம்பி மருந்து அனுப்ப முடியும்.

ஆனா மேல இருந்து பார்க்கிறதுக்கும் ஒரு எல்லை இருக்கு, அதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் தான்சானியாவோட டார் எஸ் சலாம். மழை வந்தா ஏழைங்க இருக்கிற பேட்டைகள் எல்லாம் முழுகுற ஊர் அது. 2015ல ராமானி ஹூரியான்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, பல்கலைக்கழக மாணவர்களும் அந்தந்தப் பேட்டை ஜனங்களும் சேர்ந்து ஃபோனோட தெருத்தெருவா நடந்து சாக்கடை எங்க போகுது, எவ்வளவு அகலம், எங்க அடைச்சிருக்குன்னு பதிவு பண்ணாங்க. சாக்கடை அடைப்பு எந்த செயற்கைக்கோளுக்கும் தெரியாது. அங்கயே குடியிருக்கிறவங்களுக்கு எந்த மூலையில முதல்ல தண்ணி ஏறும்னு நல்லாவே தெரியும், அந்த அறிவு மேப்புல ஏறுறதுதான் விஷயமே. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துலயும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் மேல ஒரு மேப் போட்டு, தண்ணி நின்ன தெருக்களை ஜனங்களே கிளிக் பண்ணிக் குறிச்சாங்க.

உங்க ஊருக்கு இதைப் பண்ணணும்னா ஆண்ட்ராய்டுல ஸ்ட்ரீட்கம்ப்ளீட் போட்டுக்கோங்க. நடக்கிறப்போ இந்தத் தெருவுக்குப் பேர் என்ன, தார் ரோடா மண் ரோடா, இந்தக் கட்டடம் எத்தனை மாடின்னு அதுவா கேள்வி கேக்கும், பதில் சொன்னா போதும். கடை, அங்கன்வாடி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், அடிபம்ப்பு, புயல் பாதுகாப்பு மையம் மாதிரி புது இடங்களைச் சேர்க்க எவ்ரி டோர் ஆப் வசதி. பேரைத் தமிழ்ல எழுத தனியா ஒரு இடம் இருக்கு, அதையும் நிரப்புங்க. ஏத்துனதை ஆர்கானிக் மேப்ஸ்ல டவுன்லோடு பண்ணி வச்சுக்கிட்டா, டவர் செத்துப் போன நேரத்துலயும் வழி காட்டும், புயல் வந்து ஃபோன் சிக்னல் போன ஊர்க்காரங்களுக்கு இதோட அருமை புரியும்.

ரெண்டாவது வேலை: கவனிக்கிறது

இது வேற மாதிரி பொறுமை. இங்க நாம எதையும் வரையப் போறதில்ல, ஒரே இடத்தை வேற வேற தேதியில பார்க்கப் போறோம்.

ஐரோப்பாவோட சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015ல இருந்து ஏறக்குறைய உலகத்தோட நிலப்பரப்பு பூராவையும் படம் எடுக்குது, 2017ல ரெண்டாவதும் மேல போனதுக்கப்புறம் அஞ்சு நாளைக்கு ஒரு தடவை உங்க ஊர் மேல வரும். எல்லாம் இலவசம். அதுக்கும் முன்னாடி காலத்துக்கு அமெரிக்காவோட லேண்ட்சாட் இருக்கு, 1972ல இருந்து படம் எடுத்துக்கிட்டு இருக்கு, 2008ல இருந்து காசில்லாம குடுக்கறாங்க. சென்டினல் படத்துல ஒரு புள்ளி தரையில 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர், நம்ம கணக்குல ஏறக்குறைய ரெண்டரை சென்ட். லேண்ட்சாட்ல இப்ப ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அது 22 சென்ட். இதை ஏன் சொல்றேன்னா, ஏரிக்கரையில ஒருத்தர் ஒரு சின்ன வீடு கட்டுனது சென்டினல்ல தெரியாது, ஆனா ஏரிக்குள்ள மண்ணடிச்சு லேஅவுட் போட்டா கண்டிப்பா தெரியும்.

கைப்பழக்கத்துக்கு முதல்ல கூகுள் எர்த் டைம்லாப்ஸ்ல ஆரல் கடலைப் பாருங்க. ஆமு தார்யா, சிர் தார்யா ரெண்டு ஆத்துத் தண்ணியையும் சோவியத் காலத்துல பருத்திக்குத் திருப்புனதால 1960கள்ல இருந்து வத்த ஆரம்பிச்ச கடல் அது. தெற்குப் பக்கம் வருஷா வருஷம் வெளுத்துக்கிட்டே போகும், ஆனா வடக்கு மூலையை மட்டும் கவனிங்க, 2005ல கஜகஸ்தான் கோக்-ஆரல் அணை கட்டி முடிச்சதுக்கு அப்புறம் அங்க தண்ணி திரும்ப ஏறியிருக்கிறது தெரியும். அழிவை மட்டும் இல்ல, சரி பண்ணதையும் இந்தப் படங்கள் காட்டும்ங்கிறது எனக்கு பெரிய விஷயமா படுது.

இப்ப நம்ம ஏரிக்கு வருவோம். சென்டினல் படங்களைப் பார்க்கிறதுக்கு கோப்பர்நிகஸ் ப்ரௌசர்னு தேடி அந்தத் தளத்தைத் திறங்க, இலவச அக்கவுண்ட் ஒண்ணு போட்டுக்கோங்க, படத்தை டவுன்லோடு பண்ண அது வேணும். உதாரணத்துக்கு சென்னைக்குப் பக்கத்துல புழல் ஏரிக்கு ஜூம் பண்ணுங்க. தேதிப் பெட்டியைத் திறந்தா எந்தெந்த நாள் படம் இருக்குன்னு காட்டும், மேக அளவையும் குறைச்சு வச்சுக்கோங்க. 2018 ஜூன் மாசத்துல ஒரு நல்ல படம், 2019 ஜூன் மாசத்துல ஒரு நல்ல படம் எடுங்க. எல்2ஏ வகையில (நடுவுல இருக்கிற காத்தோட பாதிப்பை நீக்கின படம்) பழைய தேதி கிடைக்கலைன்னா எல்1சி வகையில (அதை நீக்காத படம்) தேடுங்க. ரெண்டையும் ஒப்பிடுற பகுதியில சேர்த்து நடுக்கோட்டை இழுத்துப் பாருங்க. 2019ல சென்னையோட குடிதண்ணி ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தது ஞாபகம் இருக்கும், அது ஏன்னு அந்த ரெண்டு படமே சொல்லிடும்.

அப்புறம் லேயர்ல, அதாவது ஒரே படத்தை வேற வேற விதமா காட்டுற பட்டியல்ல, தண்ணியைப் பிரிச்சுக் காட்டுற என்டிடபிள்யூஐ தேர்ந்தெடுங்க. தண்ணி பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை ஏறக்குறைய முழுசா விழுங்கிடும், இந்த வித்தியாசத்தை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா வர்ற எண்தான் இது. மைனஸ் 1ல இருந்து 1 வரைக்கும் போகும், பொதுவா பூஜ்யத்துக்கு மேல இருந்தா தண்ணி, கீழ இருந்தா மண்ணு, செடி, கட்டடம்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இதுலதான் நிறைய பேர் அவசரமா முடிவுக்கு வந்து ஷேர் பண்ணிடறாங்க. ஆகாயத்தாமரை மூடின ஏரியில தண்ணி நிறைய இருந்தாலும் என்டிடபிள்யூஐ தண்ணி இல்லன்னு சொல்லும், அதுக்குத் தெரியுறது இலை மட்டும்தான். செடி வளர்ச்சியைக் காட்டுற என்டிவிஐ லேயர்லயும் இதே சிக்கல் தலைகீழா வரும், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்க்குள்ள பச்சைப் பசேல்னு தெரிஞ்சா அது விவசாயம்னு நினைக்காதீங்க, கோடையிலயும் பச்சையாவே இருந்தா பெரும்பாலும் சீமைக்கருவேலமாத்தான் இருக்கும். நேர்ல போய்ப் பார்த்தவங்க ஒருத்தர் சொல்லாம நிறத்தை வச்சு எதையும் எழுதாதீங்க.

அடுத்தது மாசம். ஜனவரிப் படத்தையும் மே மாசப் படத்தையும் பக்கத்துல வச்சு ஏரி பாதியாயிடுச்சுன்னு போடுறது நியாயமே இல்ல, கோடையில ஏரி வத்தத்தான் செய்யும். ஜனவரிக்கு ஜனவரி, மேக்கு மே, இப்படித்தான் ஒப்பிடணும். தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு வானம் வெளுத்த ஜனவரி மாசம்தான் ஏரியோட முழு நீர்ப்பரப்பைப் பார்க்க நல்ல நேரம். மழை குறைஞ்ச வருஷமா இருந்தா அதையும் சேர்த்து எழுதணும். ஒரே ஒரு வருஷத்தை மட்டும் காட்டாம நாலஞ்சு வருஷத்தை வரிசையா வச்சா மழைக் குறைவு எது, ஆக்கிரமிப்பு எதுன்னு பிரிஞ்சுடும்: மழைக் குறைவுல வத்துனது அடுத்த நல்ல மழைக்குத் திரும்ப நிரம்பும், மண்ணடிச்ச மூலை மட்டும் எத்தனை மழை வந்தாலும் நிரம்பாது.

வெள்ளம் வந்த நாள்ல மேகம் மூடியிருக்கும், சென்டினல்-2 எதுக்கும் உதவாது. அப்ப சென்டினல்-1 பக்கம் போங்க, அது ரேடார், மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், ராத்திரியிலயும் பார்க்கும். அசையாத தண்ணி ரேடார் அலையை வேற பக்கம் திருப்பிடுறதால கறுப்பாத் தெரியும், வெள்ளத்துக்கு முந்தின படத்தோட வச்சுப் பார்த்தா புதுசா கறுத்த இடம்தான் முழுகுன இடம். நெருக்கமான வீடுகளுக்கு நடுவுல நிக்கிற தண்ணியை மட்டும் இது சரியா காட்டாது.

காட்டுக்கு குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் இருக்கு, உங்களுக்கு வேணுங்கிற பகுதியை வரைஞ்சு வச்சா அங்க மரம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சதும் மெயில் வரும். ஆனா அதுல இருக்கிறது மரப் போர்வைக் கணக்கு, இயற்கைக் காடும் தைல மரத் தோப்பும் அதுக்கு ஒண்ணுதான், தோப்பை வெட்டினாலும் இழப்புன்னே வரும். காட்டுத்தீக்கு நாசாவோட ஃபிர்ம்ஸ், செயற்கைக்கோள் பார்த்த மூணு மணி நேரத்துக்குள்ள தீ தெரிஞ்ச இடத்துல மேப்புல புள்ளி வந்துடும், தொழிற்சாலை வெப்பமும் அதே மாதிரி புள்ளியா வரும்ங்கிறதால பக்கத்துல என்ன இருக்குன்னு பார்த்துட்டுப் பேசுங்க.

பரப்பை ஏக்கர்ல சொல்லணும்னா மேப்பைத் திறந்து அளக்கிற க்யூஜிஐஎஸ்ங்கிற மென்பொருளைப் போட்டுக்கோங்க, அதுவும் இலவசம்தான். அளக்கிறதுக்கு முன்னாடி லேயரை மீட்டர்ல அளக்கிற முறைக்கு மாத்தணும், அதுக்கு உலகத்தைப் பட்டைபட்டையா பிரிச்சு வச்சிருக்கிற யூடிஎம் முறையில உங்க ஊர் பட்டையோட எண்ணைக் குடுங்க. சென்னை, திருச்சி, மதுரை, இலங்கை பூரா யூடிஎம் 44 வடக்கு, எண் 32644. கோயம்புத்தூர், திருநெல்வேலி பக்கம் 43 வடக்கு, எண் 32643. இதைத் தப்பா வச்சா பரப்பு தப்பா வரும், அந்த ஒரு தப்பை வச்சே உங்க மொத்த வேலையையும் எதிர்த்தரப்பு தள்ளிடும்.

படத்தை வச்சு என்ன பண்றது

ஸ்டேட்டஸ்ல போட்டு விட்டா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. தமிழ்நாட்டுல ஏரி, குளம் ஆக்கிரமிப்பை அகத்த 2007ல ஒரு சட்டமே இருக்கு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம் நடக்குது, கிராம சபையில தீர்மானம் கொண்டு வரலாம். அங்க படம் மட்டும் எடுத்துக்கிட்டுப் போனா இது எந்த இடம்னு கேட்டு திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். அதனால சர்வே நம்பர் வேணும். அரசோட இ-சர்வீஸஸ் தளத்துல புல வரைபடமும் அ-பதிவேடும் எடுக்கலாம், அதுல அந்த நம்பர் நீர்நிலைப் புறம்போக்குன்னு இருக்கான்னு பாருங்க.

ஊர்ல பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு கரையோரமா ஒரு தடவை நடங்க. மதகு எங்க, கலிங்கு எங்க, வரத்துக் கால்வாய் எந்தப் பக்கமா வந்து எங்க அடைபட்டிருக்குன்னு அவங்க காட்டுவாங்க, ஒவ்வொண்ணுலயும் நின்னு ஃபோன்ல லொகேஷனோட ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ஏரி சுருங்குற கதை பல சமயம் ஏரிக்குள்ள இருக்காது, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி அடைச்ச கால்வாயில இருக்கும், அதை மேல இருந்து எடுத்த படத்துல யாரும் தேடவே மாட்டாங்க.

மனுவோட ஒரே ஒரு பக்கம் இணைச்சா போதும். மேல ரெண்டு படம், ஒரே மாசம், வேற வேற வருஷம், ரெண்டும் ஒரே அளவு ஜூம். ஒவ்வொண்ணுக்கும் கீழ எந்த செயற்கைக்கோள், எந்தத் தேதி, எந்த லேயர்னு எழுதுங்க, டவுன்லோடு பண்றப்போ தலைப்போட எடுத்தா தேதி படத்துலயே வந்துடும், அதை வெட்டிடாதீங்க. நடுவுல சர்வே நம்பர், கிராமம், வட்டம், அட்சரேகை தீர்க்கரேகை. கீழ நடந்து எடுத்த போட்டோ. நிறத்தை வச்சு யார் பண்ணாங்கன்னு எதுவும் எழுத வேணாம், இந்தத் தேதியில இங்க தண்ணி இருந்துச்சு, இந்தத் தேதியில இல்ல, நேர்ல பார்த்தப்போ இங்க மண்ணு கொட்டியிருக்கு, அவ்வளவுதான். மனு குடுத்ததும் ரசீது நம்பரை வாங்கி, அதையும் படங்களையும் ஒரே ஃபோல்டர்ல தேதி போட்டு வச்சுக்கோங்க, அடுத்த ஜனவரியில அதே இடத்தை அதே ஜூம்ல திரும்ப எடுக்கணும்.